இரண்டு சதுரங்கள்

கொழுந்தன் மேசைக்கடியில் குனிந்து எக்ஸ்டென்ஷன் பெட்டியின் பிளக்கைப் பிடித்துவிட்டான்.

“அதுல கை வைக்காதீங்க!”

தன் குரல் அவ்வளவு உரக்க வரும் என்று அவளே எதிர்பார்க்கவில்லை. ஹாலில் பேச்சு சட்டென்று அடங்கியது. நேற்றிலிருந்து அவள் சத்தமாகச் சொன்ன முதல் வார்த்தை அதுதான். கணவன் இறந்ததற்குக்கூட அவள் கத்தவில்லை.

கொழுந்தன் தலையை மேசை விளிம்பில் இடித்துக்கொண்டு வெளியே வந்தான். “ஹால்ல காத்தே இல்ல அண்ணி. வந்தவங்க வேர்த்து ஊத்த உக்காந்திருக்காங்க. இன்னொரு ஃபேன் போடலாம்னா ஒயர் எட்டல.”

“எதிர்வீட்டுல கேட்டு வாங்குங்க தம்பி. இது ஓடிக்கிட்டிருக்கு.”

“எது?”

அவள் பழைய கணினியைக் காட்டினாள். அவன் அதையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். தலையைத் தடவிக்கொண்டே போய்விட்டான்.

மேசையில் இரண்டு கணினிகள் இருந்தன. ஒன்று கறுப்பாக, சத்தமே இல்லாமல். மகள் தன் சம்பளத்தில் அப்பாவுக்கு வாங்கிக் கொடுத்தது. மற்றது வெயிலில் பழுத்த பிளாஸ்டிக் நிறத்தில், உள்ளே விசிறி இரைய. மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய வருஷம் வாங்கியது. கட்டப்போகும் அறைகளை முன்கூட்டியே நிஜம்போலப் படமாக்கித் தருவது அவள் கணவனின் தொழில். வீட்டின் இந்த ஓரத்து அறைதான் ஆபீஸ். நேற்றுக் காலை, ஒரு பல் டாக்டரின் காத்திருப்பு அறையை இரண்டு கணினியிலும் ஒரே நேரத்தில் ஓடவிட்டார். மகள் தூண்டிவிட்டதால்.

“இந்தக் குப்பையப் பழைய இரும்புக்காரனுக்குப் போடுங்கப்பா.”

“ரெண்டும் ஓடட்டும். பழசு எவ்வளவு நேரம் எடுக்குதுன்னு பாத்துட்டு, அது முடிச்சதும் நீயே தூக்கிட்டுப் போ.”

பிறகு பால் வாங்கப் போகிறேன் என்று படியில் இறங்கினார். பாதிப் படியில் உட்கார்ந்தார். அவ்வளவுதான்.

மாலை ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தபோது வீட்டில் எல்லாம் நின்றுபோயிருந்த மாதிரி இருந்தது. இந்த அறையில் மட்டும் இரைச்சல். உள்ளே வந்து பார்த்தாள். புதுக் கணினி எப்போதோ படத்தை முடித்துவிட்டு அமைதியாக இருந்தது. பழையதில் கூரை மட்டும் வந்திருந்தது. மீதி எல்லாம் வெறுமை. அந்த வெறுமையின் மேல் விளிம்பில் இரண்டு சின்னச் சதுரங்கள் மினுங்கிக்கொண்டிருந்தன. ஒரு சதுரம் நிறைந்ததும் பக்கத்தில் அடுத்தது தோன்றியது. அவர் தட்டிவிட்டுப் போன வேலை. அவர் போன பிறகும் அதுபாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது.

அப்போதிருந்து அவள் ஹாலுக்கும் இந்த அறைக்குமாக அலைகிறாள். அங்கே அவர் பக்கத்தில் உட்கார்ந்தால் இங்கே என்ன ஆயிற்றோ என்று இருக்கிறது. இங்கே வந்தால், அங்கே அவரைத் தனியாக விட்டுவிட்டோமே என்று எழுந்து ஓடுகிறாள். எது சரி என்று தெரியவில்லை. அழுகையும் வரவில்லை. தோளைத் தொட்டுத் தொட்டு அழுதவர்களுக்கு அவள்தான் தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள்.

மகள் வந்து கதவோரம் நின்றாள். முகம் வீங்கியிருந்தது.

“சித்தப்பா சொன்னாரு. என்னம்மா இது?”

“முடியட்டும்டி.”

“அம்மா, இது முடிஞ்சா வரப்போற படம் ஏற்கெனவே வந்தாச்சு. இதோ.” புதுக் கணினியின் திரையைத் தட்டினாள். வெள்ளைச் சுவர், உயரமான ஜன்னல், அதன் வழியே விழும் வெயில், வரிசையாகப் பச்சை நாற்காலிகள். யாருமே இல்லாத அறை. “இதுல இருக்கற பிராசஸருக்குள்ள பதினாறு பேர் வேலை செய்யறாங்கன்னு வச்சுக்கோ. பதினாறு சதுரம் ஒரே சமயத்துல போகும். அரை மணி நேரத்துல முடிச்சிருச்சு. அதுல ரெண்டே பேர். அவங்களும் மந்தம். வாங்கறப்பவே கடையில இருந்ததுலயே மட்டமான பிராசஸர் அதுதான். நாள் பூரா முக்கி முக்கி அதே படத்தைத்தான் கொடுக்கப்போகுது.”

“அதேதானா?”

“அச்சு அசல் அதே.”

மகள் சொல்வது புரிந்தது. புரிந்தும் கை அந்த பிளக்கின் பக்கம் போகவில்லை.

எத்தனை வருஷம் இந்தப் பெட்டியைத் திட்டியிருக்கிறாள்! பட்டனைத் தட்டிவிட்டுக் கன்னத்தில் கை வைத்துக் காத்திருக்கும் மனிதனைப் பார்த்தாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். “பேசாம இதையே கட்டியிருக்கலாம் நீங்க” என்பாள். “இதுவும் இதே சத்தம்தான் போடுது” என்பார். அவள் சாப்பிட்டுக் கை கழுவி, பாத்திரம் தேய்த்து முடிக்கும்போதும் அவர் கடைசிக் கவளத்தில் இருப்பார். வீட்டில் எல்லோருக்கும் அவர் ‘நிதானம்’. நேற்று ஆஸ்பத்திரி வராந்தாவில், “நிதானத்துக்கு இதுல மட்டும் என்ன அவசரம்?” என்று கேட்டுவிட்டுத்தான் கொழுந்தன் சுவரோடு சரிந்து உட்கார்ந்தான்.

“அப்பா எங்கிட்ட ஒண்ணு கேட்டாரு” என்றாள் மகளிடம்.

“என்ன?”

“நாற்காலி பச்சையா வைக்கவா, நீலமா வைக்கவான்னு. நேத்து காலையில. நான் குழாயத் திறந்து விட்டுப் பாத்திரம் கழுவிட்டிருந்தேன். திரும்பிக்கூடப் பாக்கல. என்னமோ சொன்னேன்.”

“என்ன சொன்ன?”

“ஞாபகம் வரலையே.”

மகள் புதுக் கணினியைப் பார்த்தாள். “பச்சைதான இருக்கு? அப்ப பச்சைன்னு சொல்லியிருப்ப.”

இருக்கலாம். ஆனால் அந்தச் சொல்லைச் சொன்ன நினைவு நாக்கில் எங்கும் இல்லை.

ஹாலில் யாரோ புதிதாக வந்து அழும் சத்தம் கேட்டது. மகள் அங்கே போனாள். அவளும் போனாள். அவர் கால்மாட்டில் உட்கார்ந்தாள். தூங்கும்போது அவர் வாய் லேசாகத் திறந்திருக்கும். இப்போது மூடியிருந்தது. அதனாலேயே யாரோ மாதிரி இருந்தார். கொழுந்தன் எதிர்வீட்டிலிருந்து ஒயர் வாங்கி வந்து ஃபேன் போட்டிருந்தான். அந்தக் காற்றில் அவர் தலைமுடி அசைந்தது. ஒரு கணம் அவள் ஏமாந்து, உடனே எழுந்து அறைக்கு வந்துவிட்டாள்.

ஜன்னல் முழுதாக வந்துவிட்டது. சுவரில் வெயிலும் விழுந்துவிட்டது. சதுரங்கள் இரண்டும் நாற்காலிகளை எட்டியிருந்தன. அவள் கண்ணாடியைக் கழற்றிப் புடவையில் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டாள்.

“இங்க வாடி.”

மகள் வந்து குனிந்து பார்த்தாள். பக்கத்துத் திரையைப் பார்த்தாள். மறுபடி இதைப் பார்த்தாள்.

“நீலமா இருக்கு.”

“நீயும் பாக்கறல்ல?”

“இதெப்படி…” மகள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். “ஒரே படத்தைக் கொடுத்தாத்தானம்மா எது வேகம்னு சரியாச் சொல்ல முடியும்? ஒண்ணுல ஒரு கலர், இன்னொண்ணுல ஒரு கலர்னு மாத்தினா அது ஒப்பிடறதே இல்லையே. அப்பாவுக்கு இது தெரியாதா? தப்பா அழுத்திட்டாரோ?”

“தெரியல.”

“நீ என்னதான்மா சொன்ன?”

“தெரியலடி. பச்சைன்னு சொன்னேனோ, நீலம்னு சொன்னேனோ. ரெண்டும் போட்டுக் காட்டுங்கன்னு சொன்னேனோ. பதிலே சொல்லலையோ.”

மகள் அம்மாவின் முழங்கையைப் பிடித்துப் பக்கத்து ஸ்டூலில் உட்கார வைத்தாள். இருவரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு நாற்காலிக்குக் கை வந்தது. அடுத்ததற்கு இருக்கை வந்தது. இவ்வளவு மெதுவாக எதையும் அவள் வாழ்க்கையில் பார்த்ததில்லை. சீக்கிரம் முடி என்று மனசு ஒரு பக்கம் சொன்னது. முடிஞ்சிடாதே என்று இன்னொரு பக்கம் சொன்னது. இரண்டையும் சொல்வது தான்தான் என்பது அவளுக்கு விநோதமாக இருந்தது.

வாசலில் வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. கதவுகள் திறந்தன. ஆண்கள் தணிந்த குரலில் எதையோ பேசி முடிவு செய்தார்கள். கொழுந்தன் அறை வாசலுக்கு வந்தான்.

“அண்ணி, வண்டி வந்திருச்சு. எடுக்கலாமான்னு கேக்கறாங்க.”

அவள் திரும்பவில்லை. மகள் திரையைச் சுட்டிக் காட்டினாள். கடைசி வரிசை. அறையின் தரை, நாற்காலிக் கால்கள், மூலையில் துளி வெறுமை. கொழுந்தன் அண்ணிக்குப் பின்னால் வந்து நின்றான்.

“ரொம்ப நேரம் ஆகுமா?” என்று மகளிடம் மெல்லக் கேட்டான்.

“தெரியல சித்தப்பா. அது எடுக்கற நேரம்தான்.”

அவன் ஹால் பக்கம் தலையை நீட்டி, “கொஞ்சம் இருங்கப்பா, இதோ வந்துடறோம்” என்றான். யாரோ என்ன விஷயம் என்று கேட்டார்கள். அவன் கதவை ஒருக்களித்துச் சாத்தினான்.

அவள் பழைய பெட்டியின் மேல் கையை வைத்தாள். சூடாக இருந்தது. உள்ளே விசிறியின் அதிர்வு உள்ளங்கையில் ஏறியது.

திரையில் ஒரு சதுரம் நிறைந்தது. அதற்கு அடுத்து எடுக்க எதுவும் மிச்சமில்லை. அது மறைந்துவிட்டது. மற்ற சதுரம் மட்டும், கடைசி நாற்காலியின் நீலக் கால் தரையைத் தொடும் இடத்தில், மினுங்கிக்கொண்டு இருந்தது.