முழ நீளக் களவா

பவளப்பாறை மீன்களை அறுத்துப் பார்த்து, எது பருவத்துக்கு வந்தது, எது இன்னும் குஞ்சு என்று சொல்வதுதான் அவள் உத்தியோகம். மீன் சந்தையில் அவளுக்கு 'சினை டாக்டர்' என்றே பெயர்.

அந்த உத்தியோகமே இப்போது அவளைப் படுத்தி எடுத்தது. முழ நீளக் களவா மீன்களில் ஒன்றில்கூடச் சினை இல்லை. காற்றுப் போன பலூன் மாதிரி தொங்கிப்போன சினைப்பைகள். "இவை குஞ்சுகள்" என்று அவள் நாளை அலுவலகத்தில் சொன்னால், முழ நீள மீனைப் பிடிக்கவே தடை வந்துவிடும். அண்ணனின் படகில் ஏறுவதோ பெரும்பாலும் அந்த அளவுதான்.

அண்ணன் ஆய்வுக்கூடத்துக்கே வந்துவிட்டான். பின்னாலேயே சாப்பாட்டுத் தூக்கோடு அண்ணி.

"கூடப் பொறந்தவன் வயித்துலயே அடிக்கப் போறியாமே?"

"மீன் வயிறு சொல்றதைத்தானே நான் சொல்லணும், அண்ணே?"

"அது வயிறு காலின்னா என் வயிறும் காயணுமா?"

அண்ணி தூக்கை வைத்துவிட்டு இடுப்பில் கை ஊன்றினாள். "காலியா இருந்தா பெறாதவளா? நானும்தான் ரெண்டு பெத்துட்டு வெறும் வயித்தோட நிக்கிறேன். என்னையும் குமரின்னு சொல்லு டாக்டர், நல்ல மாப்பிள்ளையாப் பார்க்கலாம்."

அவள் சிரித்துவிட்டாள். அவளை அரித்துக்கொண்டிருந்ததும் அதே சந்தேகம்தான். முட்டையிட்டு ஓய்ந்த சினைப்பையும், முட்டையே இடாததும் வெறும் கண்ணுக்கு இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. அதனால்தான் ஒவ்வொன்றிலும் ஒரு துண்டை மெழுகில் பதித்து, மெல்லிசாகச் சீவி, சாயமேற்றிக் கண்ணாடியில் காயவைத்திருந்தாள். இப்போதுதான் காய்ந்திருந்தது.

முதலில் சாண் நீள மீன். மைக்ரோஸ்கோப்பில் மெல்லிய சுவர், கடுகு கடுகாகப் பிஞ்சு முட்டைகள். குஞ்சேதான்.

அடுத்தது முழ நீளம். தடித்துச் சுருங்கிய சுவர். நடுவே, முட்டையிட்டபோது வெளியேறாமல் தங்கிப்போன ஓரிரு பழுத்த முட்டைகள். அடுத்ததிலும் அப்படியே. அதற்கடுத்ததிலும்!

"அண்ணி! இவங்க எல்லாம் அம்மாக்கள்! போன மாசம்தான் பெத்திருக்காங்க!"

அண்ணன் துள்ளினான். "அப்போ தடை இல்லையே?"

"முழத்துக்கு இல்ல. சாணுக்கு உண்டு. ஆனா..."

"ஆனான்னு இழுக்காதடி."

"மீன் பெறுற காலம்னு வருஷா வருஷம் அடுத்த மாசம் படகை நிறுத்துறோமே, அது ரொம்பத் தாமதம். அடுத்த வருஷத்துலேர்ந்து, இதுங்க பெத்த போன மாசத்துலயே நிறுத்தணும்னு சொல்லப் போறேன்."

"ஐயையோ! அப்பத்தானே பாறையோரம் கூட்டம் கூட்டமாக் கிடைக்கும்!"

"பெறத்தானே கூடுதுங்க, அண்ணே."

"அதுங்க பெறும், நான் வீட்டுல கிடக்கணுமா?"

"கிடங்க," என்றாள் அண்ணி. "நான் பெத்தப்ப ரெண்டு தடவையும் கடல்ல இருந்தீங்க. மீன் பெறும்போதாவது வீட்டுல இருங்க."

அண்ணன் முறைக்கப் பார்த்தான், சிரிப்பு முந்திக்கொண்டது. மைக்ரோஸ்கோப்பில் குனிந்தான்.

"ஒண்ணுமே தெரியலையே, இருட்டா இருக்கு."

"பார்க்கிற கண்ணை மூடிட்டீங்க," என்றாள் அண்ணி.

கண்ணை மாற்றினான். அப்புறம் வெகுநேரம் நிமிரவே இல்லை.

"நல்லா இருங்க தாயே," என்று கண்ணாடிக்குள் பார்த்தே சொன்னான். "அடுத்த பிரசவத்துக்கு நான் வீட்டுல இருக்கேன்."