கைகுலுக்குவது போல

இரவல் மட்டையைத் திருப்பிக் கொடுக்க ஃபேனின் அம்மா வந்து நின்றபோது, அவள் டென்னிஸ் மைதானத்தில் வலையோரம் பந்து பொறுக்கிக்கொண்டிருந்தாள். எட்டு வயது. ஃபேன் என்று பெயர் வைத்த புண்ணியவதி நான்தான். மூன்றாவது வாரம், மட்டையை வீசி வீசி வரிசையாக ஏழு பந்துகளை அவள் கோட்டை விட்டபோது, "ஃபேன் மாதிரி நல்லா காத்து வருதுடி, மிஸ்ஸுக்கு வேர்க்கவே இல்ல" என்றேன். மற்ற பதினோரு பிள்ளைகளும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அவளே சிரித்துவிட்டதால் தப்பில்லை என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன்.

பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது எனக்கு இதுதான் முதல் தடவை. பத்து வருடம் ஆடியவளுக்கு இது என்ன பிரமாதம் என்ற தலைக்கனத்தோடு வந்து சேர்ந்தேன். முதல் நாளே இரண்டு சட்டங்கள் போட்டேன். மட்டையைக் கைகுலுக்குவது போலப் பிடிக்க வேண்டும். ஒவ்வொரு பிள்ளையிடமும் போய்க் கைகுலுக்கி, குலுக்கிய கையிலேயே மட்டையைத் திணித்தேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். இரண்டாவது, நடுவில் யாரும் வாய் திறக்கக் கூடாது, கேள்வியெல்லாம் கடைசியில்தான். இல்லாவிட்டால் பன்னிரண்டு பேரும் சேர்ந்து என் தலையைத் தின்றுவிடுவார்கள் என்று பயம்.

ஃபேனின் அம்மா மருந்துக் கடையில் நாள் முழுக்க நின்று வேலை பார்க்கிறவர். போன வாரம் அவரை ஓரமாகக் கூப்பிட்டு, பழம் தின்று கொட்டை போட்டவள் மாதிரி, "பிள்ளைக்குக் கண்ணும் கையும் ஒத்துப்போகலங்க. வேற ஏதாவது பாருங்களேன்" என்று சொல்லியிருந்தேன். அவர் கோபப்படவில்லை. "எனக்கும் எதுலயும் கை வராதுங்க. என்னைக் கொண்டு பொறந்திருக்கா" என்றார்.

இப்போது பையை நீட்டினார். "தொடச்சு வெச்சிருக்கேன் மிஸ். ஒரு கீறல்கூட இல்ல."

பையை வாங்கிக்கொண்டு அவளைக் கூப்பிடத் திரும்பினேன். பந்துக் கூடை என் காலடியில் இருந்தது. நடந்து வரச் சோம்பல்பட்டு, அங்கிருந்தே ஒவ்வொரு பந்தாக அதற்குள் எறிந்துகொண்டிருந்தாள். ஒன்று விழுந்தது. அடுத்ததும் விழுந்தது. மூன்றாவதைச் சரியாகப் பார்க்காமலே எறிந்தாள், அதுவும் கூடைக்குள். எல்லாம் இடது கையால்.

ஆறு வாரமாக இது என் முதுகுக்குப் பின்னால் நடந்திருக்கிறது. அந்த நேரத்தில் நான் கதவருகே நின்று, நன்றாக ஆடும் பிள்ளைகளின் பெற்றோரிடம் பெருமை பேசிக்கொண்டிருந்திருக்கிறேன்.

மிச்சமிருந்த ஒரு பந்தோடு ஓடி வந்தாள். அவள் முன்னால் குந்தி உட்கார்ந்தேன்.

"எந்தக் கையிலம்மா எழுதுவ?"

பந்து இருந்த கையைத் தூக்கிக் காட்டினாள்.

"அப்புறம் ஏன் பேட்ட இன்னொரு கையில பிடிச்ச?"

"நீங்கதான மிஸ் அதுல குடுத்தீங்க."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?"

"கேள்வியெல்லாம் கடைசியிலன்னு சொன்னீங்க. கடைசியில என்னைப் பந்து பொறுக்க அனுப்பிடுவீங்க."

குறை சொல்லும் குரலே இல்லை. மணி என்ன என்று கேட்டால் சொல்வது போலச் சொன்னாள்.

"விடுங்க மிஸ்" என்றார் அம்மா. "இந்த ஆட்டத்துக்கு அந்தக் கைதான் போலன்னு நானும் நெனச்சுட்டேன்." எனக்காக ஒரு கதவைத் திறந்துவிட்டார். அதற்குள் நுழைந்து தப்பித்துவிடத்தான் முதலில் தோன்றியது.

"இல்லங்க. தப்பு முழுக்க என்னோடது. இவ கையில ஒரு கொறையும் இல்ல. நான்தான் பாக்கல. போன வாரம் உங்ககிட்ட சொன்னதும் தப்பு."

அவர் மகளின் தலையில் கை வைத்தார்.

பையிலிருந்து மட்டையை எடுத்தேன். "மொதல் நாள் மாதிரி ஒரு தடவ கை குடு" என்று என் இடது கையை நீட்டினேன். பழக்கத்தில் அவள் வலது கைதான் முன்னால் வந்தது. பாதி வழியில் நின்றது. அவளுடைய நிஜப் பெயரைச் சொல்லிக் கூப்பிட வாயெடுத்தேன். பதிவேட்டைப் பார்க்காமல் அந்தப் பெயர் எனக்கு வரவில்லை.

"ஃபேன், நாளைக்கு வருவியா?" வாசலிலிருந்து ஒரு பிள்ளை கத்தியது.

அவள் திரும்பவில்லை. நீட்டிய என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் இடது கையில் கடைசிப் பந்து இருந்தது. கூடை பக்கத்திலேயே இருந்தும், அதை எங்கே வைப்பதென்று யாராவது சொல்லட்டும் என்பது போல இறுக்கிப் பிடித்தபடி நின்றாள்.