மூடிக்குள் ஏழு தேதிகள்

"ஊசி அக்கா, மறுபடியும் செத்துப்போச்சா உங்க மெஷின்?"

"பொட்டுனு போயிடுச்சு கேப்டன். சும்மா பழகிப் பார்க்கலாம்னு குறி வச்சேன், சுடுறதுக்குள்ள திரை கறுப்பு."

கைபேசியில் பேசிய பெண்ணை அவள் நேரில் பார்த்ததில்லை. வயதில் பாதிதான் இருக்கும். ஐந்து பேர் சேர்ந்து ஆடும் கணினி விளையாட்டில் அந்தப் பெண்தான் அணித்தலைவி. இவளுக்குத் தொழில் தையல். எத்தனை தூரத்திலிருந்தும் குறி தவறாமல் சுடுவாள் என்பதால் அணியில் இவள் பெயர் ஊசி.

"கோவிச்சுக்காதீங்கக்கா. மூணு ஆட்டம் பாதியில நின்னாச்சு. இன்னைக்கு நாலு மணிக்கும் இப்படின்னா, வேற ஆளைப் போடச் சொல்லி மத்தவங்க ஒத்தக் கால்ல நிக்கிறாங்க."

"என் வீட்டுக்காரர் மூணு தடவை பார்த்தாச்சும்மா. தியேட்டரையே குளிர வைக்கிற ஏசி மெக்கானிக். இந்தப் பொட்டி மட்டும் அவருக்கு அடங்க மாட்டேங்குது."

"அவர் எங்கே?"

"வேலைக்குப் போயிருக்கார். சாப்பிட மூணு மணிக்குத்தான் வருவார்."

"அப்போ நீங்களே திறங்க. பிளக்கைப் பிடுங்கிட்டு, பக்கத்து மூடியில ரெண்டு ஸ்குரூ."

"ஐயோ, நானா?"

"உங்க தையல் மெஷினை யார் பிரிக்கிறது?"

"நான்தான்."

"அப்புறம் என்ன?"

திறந்தாள்.

"தூசி இருக்கா?"

"துடைச்சு வச்ச மாதிரி இருக்கு. காத்தாடியும் விரலால தள்ளினா சுத்துது."

"அப்போ காத்து எங்கேயோ அடைபடுது. காத்தாடிக்குப் பின்னாடி தகடு தகடா இருக்கும், அந்த இடுக்குல பாருங்க."

நூல் பிடுங்கும் இடுக்கியை உள்ளே விட்டாள். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறுப்பு ஸ்பாஞ்ச் வந்தது. ஓரம் பிசிறில்லாமல் நறுக்கியிருந்தது. ஏசி குழாய்க்குச் சுற்றுவது. அதன் மீதிச் சுருள் அவள் வீட்டுக் கதவுக்குப் பின்னால்தான் நிற்கிறது.

"என்னக்கா அது?"

"ஒண்ணுமில்ல. தூசிதான்."

ஏன் பொய் சொன்னோம் என்று அவளுக்கே தெரியவில்லை. மூடியை மாட்ட எடுத்தபோது அதன் உட்புறம் கண்ணில் பட்டது. கணவரின் கையெழுத்தில் தேதிகள். எந்த இயந்திரத்தைத் திறந்தாலும் மூடிக்குள் மார்க்கரால் தேதி எழுதுவது அவர் வழக்கம். 'கை பட்ட நாள் தெரியணும்' என்பார்.

ஏழு தேதிகள் இருந்தன. அவள் அவரைக் கூப்பிட்டது மூன்று முறை. மற்ற நான்கும் அவள் ஆடும் நாட்களுக்கு முந்தின நாட்கள். கடைசியாக இருந்தது நேற்றைய தேதி. நேற்று அவள் தைத்த துணிகளைக் கொடுக்கப் போயிருந்தாள்.

இயக்கிப் பார்த்தாள். தொண்ணூற்றெட்டு டிகிரிக்கு ஏறும் சூடு அறுபத்து நாலில் நின்றது. அரை மணி நேரம் ஆடியும் அணையவில்லை. அணைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றியது.

அவர் வந்தபோது சாப்பாட்டு மேசையில் சாப்பாடு இல்லை. மூடி இருந்தது, அதன் மேல் ஸ்பாஞ்ச்.

"என்னம்மா, திரும்பவும் நின்னுடுச்சா? இரு, கை கழுவிட்டு வந்து..."

"நேத்துதானே பார்த்தீங்க?"

அவர் மேசையைப் பார்த்தார். உட்காரவில்லை.

"எழுதாமலாவது இருந்திருக்கலாமே."

"கை தானா எழுதிடுச்சு. இருபத்தெட்டு வருஷப் பழக்கம்."

"நல்ல பழக்கம். ஏங்க இப்படிச் செஞ்சீங்க?"

"நீ அந்த ஹெட்செட்டைக் காதுல மாட்டிட்டா நான் இருக்கேனா செத்தேனான்னு தெரியாது உனக்கு. மெஷின் நின்னாத்தான் 'என்னங்க'ங்கிற. பக்கத்துல உக்காந்து டார்ச் பிடிக்கிற. போன தடவை எவ்வளவு நேரம் பேசிட்டிருந்தோம், ஞாபகம் இல்ல?"

ஞாபகம் இருந்தது. அதுதான் வலித்தது.

"உங்க பொறுமை யாருக்கு வரும்னு அன்னைக்குச் சொன்னேனே. அப்போ இந்தத் துண்டு எங்கே இருந்துச்சு?"

"சட்டைப் பையில."

"இன்னொரு தடவை நின்னா என்னைத் தூக்கிடுவாங்கன்னு முந்தாநாள் யார்கிட்ட அழுதேன்?"

"என்கிட்டதான்."

"அழுத மறுநாளே சொருகியிருக்கீங்க."

அவளே தொடர்ந்தாள்.

"எப்பவும் இடது காதைத் திறந்துதான் வச்சிருப்பேன். நீங்க கூப்பிட்டா கேக்கணுமேன்னு. ஒரு தடவை கூப்பிட்டுப் பார்த்திருக்கலாம்."

"எனக்குத் தெரியாதும்மா."

"மார்க்கரைக் குடுங்க."

எட்டாவதாக இன்றைய தேதியை அவளே எழுதினாள். மார்க்கரை அவரிடம் திருப்பித் தரவில்லை, தன் ஊசிப் பெட்டிக்குள் போட்டுக்கொண்டாள். மூடியைப் பொருத்தக் குனிந்தபோது அவர் மெல்லக் கேட்டார்.

"டார்ச் பிடிக்கட்டுமா?"

"பட்டப்பகல்ங்க."

இரண்டு ஸ்குரூவையும் அவளே முடுக்கினாள். மணி நாலாக மூன்று நிமிடம்.

"கேப்டன், ஊசி வந்தாச்சு."

"வாங்கக்கா! வீட்டுக்காரர் சரி பண்ணிட்டாரா?"

"இல்லம்மா. நான்தான் பண்ணேன்."

அவர் இன்னும் கதவோரம் நின்றிருந்தார், ஏதோ சொல்ல வருவதுபோல. அவள் ஹெட்செட்டைக் கீழே இழுத்து, இரண்டு காதையும் மூடிக்கொண்டாள்.