மாப்பிள்ளையின் சிவப்புப் பூட்டு

சோப்புக் கலக்கும் தொட்டிக்குள் இறங்குகிற ஒவ்வொருவரும் சுவிட்ச் பெட்டியில் தன் சிவப்புப் பூட்டைப் போட்டுவிட்டு, சாவியைத் தன்னிடமே வைத்துக்கொள்ள வேண்டும். வெளியே வந்ததும் தானே திறக்க வேண்டும். ஒரு பூட்டு தொங்கினாலும் மிஷின் ஓடாது. ஆலையில் எல்லாருக்கும் இது மனப்பாடம். ஃபிட்டரின் தங்கை புருஷனுக்கு மட்டும் பாதிப் பாடம்தான். பூட்டுவதில் புலி, திறக்காமலே வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்.

அன்றும் சுத்தம் செய்தவர்கள் போன பிறகு ஒரு பூட்டு தொங்கியது. மாப்பிள்ளையுடையது. ஃபிட்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சொந்தக்காரனை வேலைக்குச் சேர்த்துவிட்ட பாவத்துக்கு இன்னும் எத்தனை முறை தலைகுனிவது?

"உங்க மாப்பிள்ளை வழக்கம்போல கம்பி நீட்டிட்டாரு. வெட்டிப் போடுங்க, மிஷினை ஓட்டணும்," என்றார் சூப்பர்வைசர்.

ஃபிட்டர் கட்டரைப் பூட்டில் வைத்துவிட்டார். வெட்டுவதற்கு முன் பூட்டுக்காரரின் குரலைக் கேட்டாக வேண்டும் என்றும் ஒரு விதி உண்டு. இதுவரை அதை யாரும் சட்டை செய்ததில்லை. இப்போது அவர் தங்கைக்கு ஃபோன் போட்டதும் விதிக்காக அல்ல. மாப்பிள்ளையை நறுக்கென்று நாலு கேள்வி கேட்கத்தான்.

"உன் வீட்டுக்காரர்கிட்ட ஃபோனைக் குடும்மா."

"அவரு இன்னும் வரலியேண்ணா."

"வரலியா?"

"அங்கதானே இருக்காரு? ஏண்ணா ஒரு மாதிரி பேசுறே?"

கட்டர் கையிலிருந்து நழுவியது. ஃபிட்டர் ஏணியில் ஏறி, தொட்டியின் வாய்க்குள் டார்ச் அடித்தார்.

அடியில், பெரிய கலக்கும் தகடுகளுக்கு நடுவே, மாப்பிள்ளை முழங்காலிட்டுச் சோப்பைச் சுரண்டிக்கொண்டிருந்தார். வெளிச்சம் பட்டதும் காதடைப்பானைக் கழற்றினார்.

"ஸ்பேனர் விழுந்துடுச்சு மச்சான், எடுக்க இறங்கினேன். அப்படியே இந்த மூலையையும் முடிச்சுடலாம்னு..."

ஃபிட்டரின் வாய்க்குள் வசவுகள் வரிசைகட்டி நின்றன. ஒன்றும் வெளியே வரவில்லை. போன உயிர் திரும்பிவந்த நிம்மதியில் ஏணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீர் கொட்டியது. கீழே சூப்பர்வைசர் வெளிறிப்போய், கட்டரைப் பார்த்தபடி தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

கையிலிருந்த ஃபோன் கத்திக்கொண்டே இருந்தது. "அண்ணா! அவரு இருக்காரா, இல்லியா? வாயத் திறந்து சொல்லு!"

ஃபிட்டர் குனிந்து, கை நீளும் மட்டும் ஃபோனைத் தொட்டிக்குள் நீட்டினார்.

"நீங்களே சொல்லுங்க மாப்ளே," என்றார். "எனக்குப் பேச்சு வரல."