சாய்கலின் விளக்கக் குறிப்பு

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை நான் கேட்ட ஒரு அசட்டுக் கேள்வியில் தொடங்கியது. மாடிவீட்டு சாய்கல் என் சமையலறையில் போர்சோக் என்ற எண்ணெய்ப் பலகாரம் பொரிக்க மாவு வெட்டிக்கொண்டே, மூன்று வருடமாக என்னிடம் சொல்லாத ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் குழந்தைகள் வார்டில் நர்ஸ். ஒரு மாலை, ஒரு குழந்தைக்குப் போட வேண்டிய ஊசியை வேறொரு குழந்தைக்குப் போட்டுவிட்டாள். இவ்வளவுதான் சொல்லியிருந்தாள். நான் குறுக்கே விழுந்தேன்: "ஐயோ, கொழந்த பொழச்சுதா?"

கத்தி நின்றது.

"நீங்களுமா அக்கா?" என்றாள். "எல்லாரும் மொதல்ல அதத்தான் கேக்குறாங்க. பொழச்சுதுன்னா, 'போகட்டும் விடு, நடக்கறதுதான்'னு முடிச்சுக்குவாங்க. போயிடுச்சுன்னா, 'பாவி'ன்னு முடிச்சுக்குவாங்க. எப்படி முடிஞ்சாலும் என் கை செஞ்சது ஒண்ணுதானே?"

பிறகு பதிலையும் சொன்னாள். எனக்குத் தெரியும். உங்களுக்குச் சொல்ல மாட்டேன். இதை எழுதிக்கொள்ள அவள் விதித்த ஒரே நிபந்தனை அது. ஊர்ப்பெயரை மட்டும் நானாகவே கோக்பெல் என்று மாற்றியிருக்கிறேன். நான் பதினெட்டு வருடமாக இருக்கும் மலையூர், பகைத்துக்கொள்ள முடியாது.

2

"பனி உருகிக்கொண்டிருந்த ஒரு காலையில் சாய்கல்—"

(பொய். நடந்தது ஜூன் மாதம், மாலையில். பனி எங்கிருந்து வந்தது? நீங்கள் இரக்கப்படத் தயாராக வேண்டும் என்று நான் கொண்டுவந்து கொட்டியது.)

"சாய்கல் பதினான்கு வருடமாக ஒரு தவறும் செய்யாத—"

(வக்கீல் பேச்சு. வேண்டாம்.)

"அந்த வார்டில் எப்போதுமே ஆள் பற்றாக்குறை—"

(உண்மைதான். ஆனாலும் முதல் வரியில் இதை வைக்க அவளே விடமாட்டாள். கேட்டுப் பார்த்தேன். "அத அடுத்த பக்கத்துல போடுங்க" என்றாள்.)

தொடக்கம் அமையாமல் நான் திண்டாடுவதைப் பார்த்து, மறுநாள் ஒரு பிளாஸ்டிக் பையைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். உள்ளே கசக்கி, பிறகு நீவி மடித்த எட்டுத் தாள்கள். எனக்கு முன்பே ஒருத்தி இந்தக் கதையை எழுதிப் பார்த்திருக்கிறாள். பிறகு அந்தத் தாள்களுக்கு வருகிறேன். முதலில் நடந்ததைச் சொல்கிறேன்.

3

ஏழு கட்டில்கள் உள்ள அறை. ஒவ்வொன்றிலும் ஒரு குழந்தை, கூடவே தாய். மாலை நான்கு மணி ஊசி நேரம். அன்று வார்டு முழுவதற்கும் சாய்கல் ஒருத்திதான். கூட இருக்க வேண்டிய நர்ஸ் வேறொரு நோயாளியோடு ஆம்புலன்ஸில் பெரிய ஊருக்குப் போயிருந்தாள். சாய்கல் மூன்று நாள் விடுப்பு முடிந்து வந்திருந்ததால், குழந்தைகளில் பாதிப்பேர் அவளுக்குப் புதுமுகம்.

ஜன்னலோரக் கட்டிலில் துர்சுன். ஒன்றரை வயது, வலிப்பு. எட்டாம் கட்டிலில் எல்தார். அதே வயது, நிமோனியா, மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. துர்சுனுக்கு எழுதியிருந்தது வலிப்பை அடக்கும் ஊசி. மூச்சுக்குத் திணறும் குழந்தைக்கு அதைப் போட்டால் மூச்சும் சேர்ந்து அடங்கிவிடும்.

எல்தாரின் தாய் ஜிபெக் ஏற்கெனவே இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தவள். அன்று மதியம் மேய்ச்சல் மலையிலிருந்து அவள் நாத்தனார் போன் செய்தாள்.

"அந்தப் பேரு அவனுக்கு ஆகலடி. மாத்திடுவோம். போன அவன் காதுல வை."

நோய் விடாத பிள்ளைக்குப் பெயரை மாற்றினால், தேடி வருகிற கேடு ஆள் அடையாளம் தெரியாமல் திரும்பிப் போய்விடும். இங்கே எந்த வீட்டிலும் உள்ள வழக்கம்தான். நாத்தனார் போன் வழியாகவே குழந்தையின் காதில் மூன்று முறை ஓதினாள்: துர்சுன், துர்சுன், துர்சுன். 'இருக்கட்டும்' என்று அர்த்தம். பிள்ளை தங்காத வீடுகளில் முதலில் நினைவுக்கு வருகிற பெயர். பழைய பெயரை இனி வாயால் உச்சரிக்கக் கூடாது என்றும் சொல்லிவிட்டாள்.

நான்கு மணிக்கு ஜன்னலோரத் துர்சுன் தாயோடு எக்ஸ்ரே எடுக்கப் போயிருந்தான். சாய்கல் தட்டோடு கதவருகே நின்று கேட்டாள்.

"துர்சுன் அம்மா யாரு?"

"நான்தான்" என்றாள் ஜிபெக்.

"இவன்தானே துர்சுன்?"

"இவனேதான். என் துர்சுன்."

கட்டிலின் தலைமாட்டு அட்டையில் எல்தார் என்று எழுதியிருந்தது. அட்டையின்மேல் ஜிபெக்கின் சால்வை தொங்கியது. சாய்கல் சால்வையை விலக்கிப் பார்க்கவில்லை.

பத்தே நிமிடத்தில் குழந்தையின் உதடு நீலமானது. அப்போதுதான் சால்வை விலகியது. சாய்கல் குழந்தையை வாரிக்கொண்டு தாழ்வாரத்தில் ஓடினாள். கையில் காலி மருந்துக் குப்பியை எல்லார் கண்ணிலும் படும்படி உயர்த்திப் பிடித்திருந்தாள். "நான் தப்பு பண்ணிட்டேன், இந்த ஊசிய போட்டுட்டேன், நான்தான்" என்று கத்திக்கொண்டே ஓடினாள்.

இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டு எழுந்து நடந்தேன். குப்பியைப் பைக்குள் போட்டுக்கொண்டிருக்கலாம். குழந்தை ஏற்கெனவே நோயாளி, யாருக்கும் தெரிந்திருக்காது. எந்த மருந்து என்று அறியாமல் மருத்துவர் தடுமாறக் கூடாதே என்று, தன் வாழ்க்கையை ஒருத்தி தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடியிருக்கிறாள். எனக்கு அந்தத் தைரியம் கிடையாது.

4

ஒரு நிமிடம். மேலே திரும்பிப் பாருங்கள்.

ஏழு கட்டில்கள் என்று எழுதிவிட்டு, எல்தாரை எட்டாம் கட்டிலில் படுக்கவைத்திருக்கிறேன். நான்கு முறை படித்தும் என் கண்ணில் படவில்லை. நீங்கள் கவனித்தீர்களா? எனக்கு விடுமுறை நாள், சூடான தேநீர், ஒரே வேலை. பக்கத்தில் குழந்தை எதுவும் அழவில்லை. நான் பிழைவிட்டால் பிழைதிருத்துபவர் ஒருவர் சிரிப்பார், அவ்வளவுதான். திருத்தாமல் அப்படியே விடுகிறேன்.

(ஐந்தாம் கட்டில்.)

5

இப்போது அந்தத் தாள்கள். தவறு நடந்தால் சம்பந்தப்பட்டவர் தலைமை மருத்துவருக்கு விளக்கக் குறிப்பு எழுதித் தர வேண்டும். சாய்கல் ஒன்பது முறை எழுதினாள்.

முதல் தாள்: "தாய் சொன்ன பெயரை நம்பி நான்—" அதோடு நின்றிருந்தது.

"ஏன் நிறுத்திட்ட?"

"ஜிபெக் மேல பழியப் போடுற மாதிரி இருந்துச்சுக்கா. அவ புள்ள இருக்கட்டும்னுதானே அந்தப் பேர வெச்சா."

மூன்றாம் தாள்: "மாலை நான்கு மணிக்கு ஊசி போடப்பட்டது." யார் போட்டது? வாக்கியத்தில் ஆளே இல்லை. அதையும் அவளே கண்டுபிடித்து அடித்திருக்கிறாள்.

ஆறாம் தாளில் "நான்" என்ற ஒரு சொல்தான்.

ஒன்பதாவது அலுவலகக் கோப்பில் இருக்கிறது. அவளுக்கு மனப்பாடம். "நான் அட்டையைப் பார்க்கவில்லை. பார்த்திருக்க வேண்டும்." இத்தனை வருடம் எழுதியும் இப்படி நேராக நிற்கும் இரண்டு வாக்கியத்தை நான் எழுதியதில்லை. கேட்டதும் கைகூப்பத் தோன்றியது. மாவுக் கையாக இருந்ததால் சும்மா இருந்தேன்.

குறிப்பைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தவள், யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதை விட்டுவிட்டாள். மகள் ஐதாயைக்கூட 'இந்தா' என்றுதான் கூப்பிட்டாள். வலது கையை மடியில் போட்டு, இடது கையால் அழுத்திப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள். சோறு இறங்கவில்லை. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் அந்தக் கேள்வியைக் கேட்டார்கள். கணவன் நல்ல மனிதன். "வேற வேலயா இல்ல? சந்தையில கம்பளிச் சாக்ஸ் கட போட்டுக்கலாம் விடு" என்றான். ராஜினாமாக் கடிதம் எழுதிக் கைப்பையில் வைத்தாயிற்று. பதினேழு வயதிலிருந்து நர்ஸாக வேண்டும் என்பதைத் தவிர வேறு எதையும் ஆசைப்படாதவள். அந்த வார்டுக் கதவைத் திரும்பத் தாண்டுவாளா மாட்டாளா என்பதுதான் இனி இந்தக் கதை.

6

ஐந்தாம் நாள் குல்பாரா வந்தாள்.

குல்பாரா அதே வார்டின் மற்றொரு நர்ஸ். இரண்டு வருடத்துக்கு முன் புத்தாண்டு டூட்டியை யார் பார்ப்பது என்று சண்டை வந்து, அதிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. வந்தவள் கேள்வி எதுவும் கேட்கவில்லை. சாய்கலுக்கு வைத்திருந்த கஞ்சியில் பாதியை எடுத்துத் தானே குடித்தாள்.

"உப்பே இல்ல" என்றாள். "ஜூலை ரோஸ்டர் போட்டாச்சு. என் டூட்டிக்குப் பக்கத்துல உன் பேர எழுதிட்டேன்."

"நான் வரல."

"வான்னு யாரு கூப்பிட்டா? பேரு எழுதியிருக்குன்னு சொன்னேன். செருப்பப் போடு, தெருமுனை வரைக்கும் போயிட்டு வருவோம்."

தெருமுனை வரை போய்த் திரும்பினார்கள். மறுநாள் ரொட்டிக் கடை வரை. அதற்கடுத்த நாள் பாலம். பிறகு ஆஸ்பத்திரி வாசல், காவலாளி அறை, கோட்டு மாட்டும் அறை, மாடிப்படி. தினமும் கொஞ்சம் தள்ளி, தினமும் திரும்பி. மாடிப்படியில் ஒருநாள் சாய்கல் மேலே ஏறாமல் உட்கார்ந்துவிட்டாள். குல்பாரா பக்கத்தில் உட்கார்ந்து சூரியகாந்தி விதையை உடைத்துத் தின்றுகொண்டிருந்தாள். முக்கால் மணி நேரம். கீழே தோலைத் துப்பியதற்குக் கூட்டுகிறவளிடம் திட்டும் வாங்கினாள்.

(இதையெல்லாம் நான் என் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன். இரண்டு பெண்கள் காலையில் போவதும் வருவதும். உடம்பு இளைக்க நடக்கிறார்கள் என்று நினைத்தேன். எழுத்தாளர் கண்!)

இந்தக் குல்பாராவை என்னால் நம்ப முடியவில்லை. ஒரு பாத்திரம் இப்படிச் செய்ய ஒரு காரணம் வேண்டாமா? ஆகவே அவளுக்கு ஒரு பழைய தவறைக் கண்டுபிடித்தேன். 'பல வருடங்களுக்கு முன் குல்பாராவும் ஒரு குழந்தைக்கு—' என்று ஒரு பக்கம், கண்ணீரோடு, அருமையாக எழுதினேன். சாய்கல் படித்துவிட்டுக் குறுக்கே கோடு போட்டாள்.

"அவளுக்கு அப்படி ஒண்ணும் கெடயாது."

"அப்ப ஏன் வந்தா?"

"சும்மாதான் வந்தா."

"சும்மாவா?"

"நானும் கேட்டேன்க்கா. 'புத்தாண்டு விஷயத்த மன்னிச்சுட்டியா'ன்னேன். 'அத சாகுற வரைக்கும் மன்னிக்க மாட்டேன்'னா. 'பின்ன ஏன்டி வர்ற'ன்னா, 'வராம எப்படி'ன்னா."

வராமல் எப்படி. குல்பாராவுக்குப் பயிற்சி கொடுத்தவர் யாரும் இல்லை, சொல்லி அனுப்பியவர் இல்லை, பழைய கடன் இல்லை, பாசம்கூட இல்லை. பன்னிரண்டு நாள், தன் டூட்டி நேரம் போக மிஞ்சிய பொழுதில், பிடிக்காத ஒருத்தியை ஒவ்வொரு அடியாக ஒரு கதவு வரை கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறாள். இத்தனை வருடம் இந்த ஊர் மலையைப் பார்த்துப் பிரமித்தது போதும் என்று இப்போது தோன்றுகிறது.

7

முடிவுகள்.

(அ) ஜிபெக் வருகிறாள், சாய்கலைக் கட்டிக்கொண்டு அழுகிறாள். எழுதிக் கிழித்தேன். அந்தத் தாயின் வாயில் மன்னிப்பை வைக்க நான் யார்?

(ஆ) ராஜினாமா, சந்தை, கம்பளிச் சாக்ஸ். நடக்கவில்லை.

(இ) நடந்தது. நடக்கத் தொடங்கிய பன்னிரண்டாம் நாள் மாலை நான்கு மணிக்கு அந்த அறைக் கதவருகே குல்பாரா தட்டை அவள் கையில் கொடுத்தாள்.

"நீ கேளு, நான் அட்டையப் பாக்குறேன். ரெண்டு பேரையும் கேளு. காகிதத்துல என்ன பேரு, வீட்டுல என்ன பேருன்னு. அதுதான் இப்ப எல்லாரும் பண்றோம்."

சாய்கல் உள்ளே போனாள். ஏழு தாய்மார்களும் திரும்பிப் பார்த்தார்கள். சின்ன ஊர், எல்லாருக்கும் விஷயம் தெரியும். மூன்றாம் கட்டில் முன்னால் அவள் நின்றாள்.

அந்தக் கட்டிலில் இருந்த தாய் என்ன செய்தாள் என்றும் எனக்குத் தெரியும். ஆனால் அவளை எழுந்து போகச் சொல்லிவிட்டேன். அங்கே உட்காருங்கள். ஆம், நீங்கள்தான். மடியில் கிடப்பது உங்கள் குழந்தை, உடம்பு அனலாய்க் கொதிக்கிறது. எதிரே நிற்பவளின் கையில் ஊசித் தட்டு. அவள் செய்த தவறு முழுவதும் உங்களுக்குத் தெரியும். தெரியாதது ஒன்றே ஒன்று. அதைக் கேட்க இப்போது நேரமில்லை.

"கொழந்த பேரு என்னம்மா?" என்று கேட்கிறாள்.

சொல்லுங்கள்.