சின்னக் காரும் நாலாவது றோட் ரெஸ்ற்றும்

சந்திரவதனா மூன்று தரம் றோட் ரெஸ்ற்றில் தோற்றிருந்தாள். மூன்று தரமும் கணவன் இராஜரட்ணத்தின் ஏழு பேர் இருக்கும் வான் வண்டியில். முதல் தரம் பார்க் பண்ணும்போது நடைபாதையில் சில்லை ஏற்றினாள். இரண்டாம் தரம் ஸ்ரொப் சைனைத் தாண்டிப்போய் நின்றாள். மூன்றாம் தரம் ஒரு பிழையும் விடவில்லை என்றுதான் நினைத்தாள். ஆனால் பரீட்சகர் கொடுத்த தாளில், ஓட்டுகிறவருக்குத் தயக்கம் அதிகம் என்று எழுதியிருந்தது. எழுதினதில் பொய்யில்லை. அந்த வானின் மூக்கு எங்கே முடிகிறது என்று அவளுக்கு ஒருநாளும் தெரிந்ததில்லை. ஒரு கட்டிலை முன்னாலே தள்ளிக்கொண்டு போவதுபோல இருக்கும்.

"விடும் வதனா, நான் ஏத்தி இறக்கிறன்தானே," என்றார் இராஜரட்ணம். நல்ல மனுசன். சொன்னபடியே இருபத்தாறு வருசமாக ஏத்தி இறக்கிக்கொண்டும் இருந்தார். அவர் வரும்வரைக்கும் கடை வாசலில் குளிருக்குள் நிற்பதுதான் அவளுக்கு அலுத்துப் போயிருந்தது.

அவளுக்கு வேலை லோரன்ஸ் அவெனியூவில் சோபாவுக்கு உறை தைக்கும் கடையில். ஒருநாள் அந்தக் கடைக்கு ஒரு பெண் நாலு கார் சீற்றுகளைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தாள். பள்ளிக்கூடத்துச் சின்னப் பிள்ளைகளின் கதிரை அளவுதான் இருந்தன.

"இது ஆற்றை கார்? பொம்மைக் காரோ?" என்று கேட்டாள் சந்திரவதனா.

"என்ரைதான். வந்து பாருமன்."

அப்படித்தான் பேர்ணடெற் பழக்கமானாள். வெக்ஸ்போர்ட் பகுதியில், சந்திரவதனாவின் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தாள். சந்திரவதனாவைவிட நாலு வயது மூத்தவள். கார் உதிரிப்பாகங்கள் விற்கும் இடமொன்றில் இருபது வருசம் வேலை செய்தவள். பிள்ளைகள் இருவரும் வேறு நகரங்களுக்குப் போய்விட, வீட்டுக் காராஜுக்குள் 1970ஆம் ஆண்டுச் சுபாரு 360 ஒன்றைக் கொண்டுவந்து விட்டிருந்தாள். மூன்று மீற்றர் நீளம். எஞ்சின் பின்பக்கத்தில், இரண்டே சிலிண்டர். அந்தக் காலத்து மோட்டார் சைக்கிள் மாதிரி, பெற்றோலுக்குள் எண்ணெய் கலந்து ஓட்டுகிற ரூ-ஸ்ட்ரோக். கதவுகள் முன்பக்கமாகத் திறக்கும்.

"ஏனக்கா உந்தக் கார்?" என்று கேட்டதற்குப் பேர்ணடெற் சொன்ன காரணம் சந்திரவதனாவுக்குப் பிடித்துப்போனது.

"ரெண்டு பொம்பிளையள் சேர்ந்து எஞ்சினைத் தூக்கி இறக்கலாம். வேறை எந்தக் காரிலை அது நடக்கும்?"

இரண்டாவது பொம்பிளை யாரென்று அன்றைக்கே முடிவாகிவிட்டது. சீற்றுக்குக் கறுப்பு வினைல் தைத்துக் கொடுக்கப் போனவள், பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் போனாள். பேர்ணடெற்றின் கைமணிக்கட்டுகளில் வாதம். சின்ன நட்டுகளைப் பிடித்து முறுக்க அவளால் முடியாது. சந்திரவதனாவின் விரல்களோ ஊசியோடு பழகினவை. கார்பரேற்றரைப் பிரித்து, தையல் ஊசியாலேயே அதன் துவாரங்களில் இருந்த கசடை எடுத்தாள். யப்பானிலிருந்து வரவேண்டிய ரப்பர் சீல் நாலு மாதம் கழித்து வந்தது. அது வந்த சனிக்கிழமை எஞ்சின் முதன்முதலாக உயிர்பெற்றுக் காராஜ் முழுக்க நீலப் புகை கிளம்ப, இரண்டு பேரும் இருமிக்கொண்டே வெளியே ஓடிவந்து புல்லில் இருந்து சிரித்தார்கள்.

சேஃப்ரி என்கிற பாதுகாப்புப் பரிசோதனை பாஸாகி நம்பர் பிளேற்றும் வந்த பிறகு, பேர்ணடெற் காரின் திறப்பை அவளிடம் நீட்டினாள்.

"உம்மடை மனுசன்ரை வானை விடும். இதிலை ஓடிப் பழகும்."

"வான் ஓட்டோமற்றிக். கியரை நான் தொட்டதே இல்லையக்கா."

"நீர்தானே பூட்டினனீர். எது எங்கை போகுதெண்டு உமக்குத் தெரியும்."

உண்மையில் அப்படித்தான் இருந்தது. கிளச்சை மிதித்தால் உள்ளே எந்தக் கம்பி இழுபடுகிறது என்று அவளுக்குத் தெரியும். காரின் மூக்கு அவள் முழங்காலுக்கு ஒரு முழம் தள்ளி முடிந்துவிடும். அந்தக் கோடை முழுக்க, பேர்ணடெற் பக்கத்தில் இருக்க, வெக்ஸ்போர்ட் தெருக்களில் ஓடினாள். பெற்றோல் நிலையத்தில் பத்து லீற்றருக்கு முந்நூற்று முப்பது மில்லி எண்ணெயை அவளே அளந்து ஊற்றுவாள். அடுத்த பம்பில் நிற்பவர்கள் வந்து படம் எடுப்பார்கள்.

செப்ரெம்பரில் நாலாவது ரெஸ்ற். பரீட்சகர் ஆறடிக்கு மேல் இருந்தார். காரை ஒருதரம் சுற்றி வந்தார். லைற், சிக்னல், ஹோர்ன், சீற் பெல்ற் எல்லாம் பார்த்தார். இன்னொரு தரமும் சுற்றி வந்தார்.

"நான் எப்படி உள்ளே போவது?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"முதலில் சீற்றில் இருங்கள். பிறகு கால்களை எடுத்து உள்ளே வையுங்கள்," என்றாள்.

முழங்கால்கள் முன்பலகையில் முட்ட, தாளை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு இருந்தார் அவர். "இந்தக் கார் என்னைவிட மூத்தது," என்றார்.

"என்னையும் விடத்தான். ஒரு வயது."

இடம், வலம், லேன் மாறுதல் எல்லாம் ஒழுங்காகப் போயின. இரண்டு கார்களுக்கு நடுவே பார்க் பண்ணச் சொன்னபோது அந்த இடைவெளி அவளுக்கு விளையாட்டு மைதானம் மாதிரித் தெரிந்தது.

திரும்பி வரும் வழியில் றோட்டைக் கிண்டிப் போட்டிருந்தார்கள். சிவப்பு விளக்கில் வாகனங்கள் வரிசையாக நின்றன. நாலைந்து நிமிசம் போயிருக்கும், எஞ்சினின் சத்தம் மாறியது. தடதடவென்று கேட்டுக்கொண்டிருந்தது, விட்டுவிட்டு டப், டப் என்று கேட்டது. கார் நடுங்கியது.

"ஏதாவது பிரச்சினையா?" என்றார் பரீட்சகர்.

அந்த வானுக்குள் இருந்திருந்தால் அவளுக்கு அழுகை வந்திருக்கும். ஆனால் இந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும். சும்மா நின்றதில், தீப்பொறி போடும் பிளக் ஒன்று எண்ணெயில் நனைந்துவிட்டது. ஒரு சிலிண்டர்தான் இழுக்கிறது.

"ஒரு பிளக் நனைந்துவிட்டது. கொஞ்சத் தூரம் சின்னக் கியரில் ஓடினால் காய்ந்துவிடும். புகை வரும்," என்றாள்.

"கார் நின்றால் ரெஸ்ற்றையும் நிறுத்த வேண்டி வரும்."

"தெரியும்."

பச்சை விழுந்தது. பின்னால் சீமெந்து லொறி. கண்ணாடி பார்த்தாள், சிக்னல் போட்டாள், தோளுக்கு மேலால் திரும்பிப் பார்த்து, மெதுவாக ஓடுகிறவர்களின் வலது லேனுக்குப் போனாள். வேகமாகப் போகிறவர்கள் போகட்டும் என்று விட்டு, இரண்டாம் கியரிலேயே அக்சிலறேற்றரை நிதானமாக அழுத்தினாள். கார் முக்கியது. பின்னால் நீலப் புகை எழும்ப, சைக்கிளில் வந்த ஒருவர் கையை விசிறிக்கொண்டு ஒதுங்கினார். ஒரு இருமல். பிறகு இரண்டாவது சிலிண்டரும் பிடித்துக்கொண்டது. பழைய தடதட சத்தம் வந்ததும் மூன்றாம் கியர் போட்டாள்.

பரீட்சகர் தாளில் ஏதோ எழுதினார். இதுவும் போச்சு என்று நினைத்தாள். நினைத்தும், தயங்காமல் ஓட்டினாள். அது அவளுக்கே புதினமாக இருந்தது.

ரெஸ்ற் நிலையத்தில் காரைக் கொண்டுவந்து நிறுத்தியதும் அவர் தாளைக் கிழித்துக் கொடுத்தார். "எஞ்சின் ஏலாமல் போனதும் பார்த்து ஒதுங்கினீர்கள். மற்றவர்களுக்கு வழி விட்டீர்கள். பாஸ்," என்றார். பிறகு கதவைத் திறக்கத் தெரியாமல் தடவிக்கொண்டிருந்தார். அவளே இறங்கி மற்றப் பக்கம் போய்த் திறந்துவிட்டாள்.

அங்கே காத்திருந்த பேர்ணடெற் தேத்தண்ணிக் கோப்பையோடு ஓடி வந்தாள். தாளைப் பார்க்க முதலே மூக்கைச் சுழித்து மணந்தாள்.

"பிளக் நனைஞ்சதோ?"

"ஓமக்கா. இடப்பக்கம்."

"பாஸோ?"

"ஓம்."

பேர்ணடெற் கோப்பையைக் காரின் கூரையில் வைத்துவிட்டு அவளைக் கட்டிக்கொண்டாள். பிறகு இருவருமாகப் பின்மூடியைத் திறந்து, பிளக்கைக் கழற்றித் துடைத்துப் பூட்டினார்கள். அதற்கிடையில் இராஜரட்ணம் போன் எடுத்தார். "முடிஞ்சுதோ? நான் ஏத்த வரட்டோ?"

"வேண்டாமப்பா. நானே வாறன்," என்றாள். "அப்ப சோறு போடுறன்," என்றார் அவர்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பேர்ணடெற்றிடம் காரைக் கேட்டு வாங்கி, கணவனை மார்க்கம் நகரில் இருக்கும் அவருடைய சிநேகிதர் வீட்டுக்கு ஏற்றிப் போனாள். அவர் மடியில் பழத்தட்டு. கால் நீட்ட இடமில்லை. முதல் இரண்டு சிக்னலுக்கும் தன் காலடியில் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டு வந்தார். மூன்றாவதுக்குப் பிறகு விட்டுவிட்டார். கண்ணாடியை இறக்கி, முழங்கையை வெளியே வைத்துக்கொண்டார். பக்கத்து லேனில் ஒரு குழந்தை கைகாட்ட, இவரும் காட்டினார்.

"வதனா," என்றார் கொஞ்ச நேரம் கழித்து, "இந்த றோட்டிலை இவ்வளவு கடையள் கிடக்கெண்டு எனக்கு இண்டைக்குத்தான் தெரியுது."

"வடிவாப் பாருங்கோ," என்று சொல்லி, அவள் கியரை மாற்றினாள்.