செங்கமலம் அழுத அழுகை

கருப்பன் செத்த அன்று போலீஸ் ஏட்டில் அது வெறும் சந்தேக மரணம். தீராத வயிற்றுவலிக்காரன், கஞ்சி குடித்துவிட்டு வாந்தியெடுத்துப் போய்ச் சேர்ந்தான் என்றுதான் வல்லத்திராக்கோட்டைப் பக்கம் பேசிக்கொண்டார்கள். பிறகு மதராசிலிருந்து பரிசோதனை முடிவு வந்தது. வயிற்றில் அரளி விதை. அவனாகத் தின்றானா, யாராவது கொடுத்தார்களா என்று அது சொல்லவில்லை. இன்ஸ்பெக்டருக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது.

பக்கத்து வீட்டு மருதாயியை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டுவிட்டார். கருப்பன் பெண்டாட்டி செங்கமலம் பிணத்தின்மேல் விழுந்து என்ன சொன்னாள் என்று கேட்டார்.

"கஞ்சியக் குடுத்து நானே ஒன்னையக் கொன்னுட்டேனேன்னு அழுதாய்யா."

"நல்லாக் கேட்டியா?"

"ஊரே கேட்டுச்சுங்க. பொணம் எந்திரிச்சிரும்போல அப்பிடி அழுதா."

செங்கமலம் புருசன்மேல் எவ்வளவு உயிராக இருந்தாள் என்பதற்குச் சாட்சி சொல்வதாகவே மருதாயி நினைத்தாள். மறுநாள் செங்கமலத்தைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

கொலைக் கேஸ் திருச்சி செசன்ஸுக்குப் போக முகாந்திரம் உண்டா என்று புதுக்கோட்டை மாஜிஸ்திரேட் முதலில் பார்ப்பார், இல்லையென்றால் அங்கேயே விட்டுவிடுவார் என்று வக்கீல் குமாஸ்தா சொல்லியிருந்தார். அந்த நம்பிக்கையில்தான் மருதாயி கூண்டேறினாள்.

"கொன்னுட்டேன்னு சொன்னாளா?" என்றார் சர்க்கார் வக்கீல்.

"சொன்னாங்க. ஆனா அது ஒப்பாரிங்க. எம் புருசன் பாம்பு கடிச்சுச் செத்தாரு. நானே கொன்னுட்டேன்னுதாங்க நானும் அழுதேன்."

"அப்ப ஒன்னையும் உள்ள போட்ருவோமா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. சிரிப்பு எழுந்தது.

"பாம்பு கேஸ் இங்க இல்லம்மா," என்றார் சர்க்கார் வக்கீல். "இவ சொன்னாளா, இல்லையா?"

மருதாயி செங்கமலத்தைப் பார்த்தாள். "சொன்னாங்க."

மாஜிஸ்திரேட் எத்தனையோ சாவு வீடுகளில் உட்கார்ந்து எழுந்தவர்தான். ஒப்பாரியா, ஒப்புதலா என்பதைச் செசன்ஸில் பார்த்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டுக் குற்றச்சாட்டை எழுதி வாசித்தார். கஞ்சியில் அரளி விதையை அரைத்துக் கலந்து கொடுத்துப் புருசனைக் கொலை செய்தாய். அரைத்ததையோ கலந்ததையோ பார்த்ததாக ஒரு சாட்சிகூடச் சொல்லியிருக்கவில்லை.

"புரியுதா? என்ன சொல்ற?"

"நான் கொல்லலைங்க."

"அப்படிச் சொல்லி அழுதியா?"

"அழுதேங்க." செங்கமலத்துக்குக் கேள்வியே விளங்கவில்லை. "வேற எப்பிடிங்க அழுவாக?"

அவள் சொன்னதும் பதிவாயிற்று. கேஸ் திருச்சிக்குப் போனது.

வெளியே போலீஸ்காரர் செங்கமலத்தைக் கூட்டிப்போகையில் மருதாயி குறுக்கே ஓடினாள்.

"உள்ளதத்தானே சொன்னேன் செங்கமலம். அவுக முழுசாக் கேக்கவே மாட்டேங்குறாகளே."

"தெரியும்க்கா." செங்கமலம் நின்றாள். "எம் மக கேட்டா ஆத்தா திருச்சிக்குப் போயிருக்குன்னு மட்டும் சொல்லு. மத்த எதையும் யாருகிட்டயும் நீ சொல்லாத."